மரத்தின் பெயர் அறிதல்: இயற்கையும் உடல்நலமும்

மரங்களுக்கிடையே சிறிது நேரம் உலவி வந்தால் உடலும் உள்ளமும் தெளிவு பெறும் என்பதை நம் முன்னோர் எவரும் மறுத்திருக்கமாட்டார். ஆயினும், எத்தனை நிமிடம், எத்தகைய இடம், எவருக்கு என்ன பயன் என்று அதனை அளந்து பார்க்கும் முயற்சி கடந்த நாற்பது ஆண்டுகளில்தான் வலுப்பெற்றது. இது மருத்துவர் பேசவேண்டிய பொருளாயிற்றே, மொழிநூல் பயின்றவர்க்கு இதில் என்ன வேலை என்று நண்பர் ஒருவர் வினவினார். வினா முறையானதே. அந்த ஆய்வுகளைப் படிக்கப் படிக்க, நமக்கு நெடுநாள் பழக்கமான ஒரு சொல் அவற்றின் நடுவே மீண்டும் மீண்டும் எதிர்ப்பட்டது. கவனம் என்பதே அச்சொல். கவனத்துக்கும் பெயருக்கும் உள்ள உறவு மொழியியலார் நெடுங்காலமாக உழுது வரும் நிலம். அந்த வழியாகவே இப்பொருளுக்குள் நுழைகிறோம்.

முதற்கண் 'இயற்கை' என்னும் சொல்லையே சற்று நோக்குவோம். தொல்காப்பியக் கிளவியாக்கத்தில் இயற்கைப் பொருள், செயற்கைப் பொருள் என்னும் பாகுபாடு வருகிறது. அங்கே இயற்கை என்பது காட்டையும் மலையையும் குறிக்கவில்லை; ஒரு பொருளுக்குத் தானாக அமைந்த தன்மையைக் குறிக்கிறது. நிலத்துக்கு வன்மையும் தீக்கு வெம்மையும் இயற்கை. காடு, கடல், பறவை, மழை ஆகிய யாவற்றையும் ஒரு சொல்லில் அடக்கி, மனிதனை அதற்கு வெளியே நிறுத்திப் பேசவேண்டிய தேவை பழந்தமிழ்ப் புலவனுக்கு இருக்கவில்லை. அவன் முதல், கரு, உரி என்று பகுத்தான். உரியில் மனிதன் உள்ளே நின்றான். இன்று நாம் வழங்கும் பொருளில் 'இயற்கை' பிற்காலத்தது. 'இயற்கையோடு நேரம் செலவிடுதல்' என்னும் தொடர் நமக்குப் பொருள்படுகிறது என்றால், நாம் அதனின்று பிரிந்துவிட்டோம் என்பதை மொழியே ஒப்புக்கொண்டுவிட்டது.

இனி ஆய்வுகளுக்கு வருவோம். அவற்றுள் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது ரோஜர் உல்ரிச் 1984ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட சிறு கட்டுரை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு புறநகர் மருத்துவமனை. பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர் தங்கும் அறைகள் அளவிலும் அமைப்பிலும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருந்தன. ஆனால் சில அறைகளின் சன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. வேறு சில அறைகளின் சன்னல் வழியே பழுப்புநிறச் செங்கற்சுவர்தான் தெரிந்தது. 1972 முதல் 1981 வரையிலான பதிவேடுகளிலிருந்து, வயது, பாலினம், புகைப்பழக்கம் முதலியவற்றில் ஒத்த 23 இணைகளை, அதாவது 46 பேரை, உல்ரிச் தேர்ந்தெடுத்து ஒப்பிட்டார். மரம் கண்டோர் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினர். சுவர் கண்டோர்க்கு 8.70 நாள் ஆயிற்று. மரம் கண்டோர் வலுவான வலிநீக்கிகளைக் குறைவாகவே கேட்டனர். செவிலியர் எழுதிவைத்த குறிப்புகளிலும் 'கலங்கியிருக்கிறார்', 'ஊக்கம் தேவைப்படுகிறது' என்பன போன்றவை அவர்களைப் பொறுத்தவரை குறைவு.

நாற்பத்தாறு பேர் என்பது சிறிய தொகைதான். ஒரே நோய், ஒரே மருத்துவமனை. எனினும் அக்கட்டுரை மருத்துவமனைக் கட்டடக் கலையையே அசைத்தது. 2010இல் திறக்கப்பட்ட நம் ஈசூன் வட்டாரத்துக் கூ தெக் புவாட் மருத்துவமனை, குளத்தை ஒட்டி, மாடிதோறும் செடிகொடிகள் தொங்க அமைந்திருப்பதைக் கண்டவர்கள், அந்தச் சிந்தனை எவ்வளவு தொலைவு பயணம் செய்திருக்கிறது என்பதை உணர்வார்கள்.

2019இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் திரட்டிய தரவுகளைக் கொண்டு மேத்யூ ஒயிட்டும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு வேறு வகையானது. வாரத்துக்கு 120 நிமிடமேனும் பூங்கா, காடு, கடற்கரை போன்ற இடங்களில் கழித்தோர், தம் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. இரண்டு மணி நேரத்தை ஒரே நாளில் கழித்தாலும் பலமுறையாகப் பிரித்துக் கழித்தாலும் வேறுபாடு பெரிதாக இல்லை. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நலமாக இருப்பவர்தாமே வெளியே செல்ல முடியும்? எது காரணம், எது விளைவு என்பதை இத்தகைய கணக்கெடுப்பு முற்றாகத் தீர்த்துவைக்காது. ஆய்வாளர்களும் அதை மறைக்கவில்லை. '120 நிமிடம்' என்னும் எண் மட்டும் எங்கும் பரவிற்று; அதனோடு இருந்த தயக்கம் பரவவில்லை.

குழந்தைகளின் கிட்டப்பார்வையைப் பற்றிய சான்று இதைவிட உறுதியானது. சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப்பள்ளிகளைத் தேர்ந்து, அவற்றுள் பாதியில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் கூடுதலாக 40 நிமிட வெளிப்புற வகுப்பு நடத்தினர். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது, வெளியே சென்ற பிள்ளைகளில் 30.4 விழுக்காட்டினருக்கும், வழக்கம்போல் பயின்றோரில் 39.5 விழுக்காட்டினருக்கும் கிட்டப்பார்வை தோன்றியிருந்தது. 2015இல் வெளிவந்த இம்முடிவு, கண்ணாடி அணியாத பிள்ளைகளைத் தேடவேண்டிய நம் வகுப்பறைகளுக்கு மிகவும் பொருந்தும். ஆனால் இங்கே பயன் தருவது மரமன்று, வெளிச்சம் என்றே கருதுகின்றனர். திறந்தவெளியின் ஒளி, அறைக்குள் உள்ள விளக்கொளியைவிடப் பல மடங்கு வலியது. எல்லாவற்றையும் 'இயற்கையின் அருள்' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடாமல் இருப்பது நல்லது.

நம் பொருளுக்கு மிக அணுக்கமானது ஸ்டீபன் கப்லான், ரேச்சல் கப்லான் இணையர் முன்வைத்த கவன மீட்புக் கோட்பாடு. வில்லியம் ஜேம்ஸ் முன்னரே பகுத்துக் காட்டியது போல, கவனம் இருவகைப்படும். ஒன்று நாம் முயன்று செலுத்துவது: கணக்குப் பார்த்தல், சாலையைக் கடத்தல், கைப்பேசியில் வரும் செய்திகளுக்கு இடையே வேலையை முடித்தல் ஆகியவற்றுக்கு அது வேண்டும். அது களைத்துப்போகும். மற்றொன்று முயற்சியின்றித் தானே செல்வது. அசையும் இலை, நீரின் மேல் விழும் மழைத்துளி, கிளைமாறும் பறவை ஆகியவை நம் கவனத்தை மெல்ல இழுக்கின்றன, ஆனால் பறித்துக்கொள்வதில்லை. அந்நேரத்தில் முதல்வகைக் கவனம் இளைப்பாறி மீள்கிறது என்பது அவர்கள் கருத்து. 2008இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மார்க் பெர்மன் குழுவினர் இதனைச் சோதித்தனர். மாணவர்களை மரப்பூங்காவிலும் நகர வீதியிலும் தனித்தனியே ஏறத்தாழ 50 நிமிடம் நடக்கவிட்டு, எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லும் தேர்வு வைத்தனர். பூங்காவில் நடந்தபின் அவர்கள் கூடுதல் முன்னேற்றம் காட்டினர்.

ஜப்பானியர் இதற்கு ஓர் அழகிய சொல் படைத்தனர். 1982இல் அந்நாட்டு வனத்துறையின் தலைவராக இருந்த தொமோஹிதே அகியாமா அறிமுகப்படுத்திய 'ஷின்ரின் யோக்கு' என்பதே அது. முதல் எழுத்தில் மூன்று மரங்கள், இரண்டாவதில் இரண்டு மரங்கள், மூன்றாவது குளியல். அந்நாட்டில் வெயில் காய்வதையும் கடலாடுவதையும் 'யோக்கு' என்னும் அதே ஈற்றால் குறிக்கும் வழக்கம் முன்னரே இருந்தமையால், மக்கள் இதனை எளிதில் ஏற்றனர். பின்னாளில் இரத்த அழுத்தம் தணிதல், நோயெதிர்ப்பு அணுக்களின் செயல் கூடுதல் என்று பல ஆய்வுகள் அங்கே நடந்தன. பெரும்பாலும் சிறிய குழுக்களிடம் நடந்தவை அவை.

நாம் இதனை 'வனக்குளியல்' என்கிறோம். இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். குளிர்வித்தலே குளித்தல் ஆயிற்று என்று மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் 'முத்துக்குளித்தல்' என்னும் வழக்கைப் பாருங்கள். அங்கே உடலைக் குளிரச்செய்வது நோக்கமன்று. ஆழத்தில் மூழ்குவதே பொருள். அந்தப் பழம்பொருளைக் கொண்டால் 'வனக்குளியல்' நல்ல மொழிபெயர்ப்பே. கரையில் நின்று கைகால் நனைப்பதன்று, மூழ்குதல். நம் வழக்கில் 'காற்று வாங்குதல்' என்றொரு தொடரும் உண்டு. மாலையில் வேலை முடிந்தபின் ஒரு காரியமும் இன்றி வெளியே செல்வதற்கு அதுவே பெயர். காற்றை விலைகொடுத்து வாங்கவேண்டியதில்லை, நேரத்தைக் கொடுத்தால் போதும் என்னும் குறிப்பு அதில் உள்ளது.

மரங்களுக்கு நடுவே இருப்பதே நலம் என்றால், மலாயாத் தமிழர் உலகிலேயே நலமிக்க மக்களாக இருந்திருக்கவேண்டும். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நெற்றி விளக்குடன் நிரை நிரையாகப் பால்மரம் சீவிய நம் முன்னோர், மரநிழலிலேயே வாழ்ந்து மரநிழலிலேயே மாண்டனர். மலேரியாக் காய்ச்சல், கடன், நிறைக்கவேண்டிய வாளி ஆகியவையே அவர்களுக்கு வாய்த்தவை. அந்த மரங்களை அவர்கள் பார்த்த பார்வையைப் பூங்காவில் உலவுவோரின் பார்வையோடு ஒப்பிட இயலாது. பட்டையின் ஆழம், பாலின் ஓட்டம், அடுத்த மரத்துக்குள்ள தூரம் என்று அவர்களுடைய கவனம் முழுதும் களைப்புறும் வகைக் கவனம். இந்நூற்றாண்டில் இயற்கையின் நலம் பற்றி எழுதப்படுவனவற்றில் இவ்வேறுபாடு பெரும்பாலும் காணப்படுவதில்லை. உரிமையோடு நிற்கும் நேரமே மருந்தாகிறது. மரம் அதற்குத் துணை. இதை நாம் மறந்தால் நம் பாட்டன்மாரின் வரலாற்றையே பொய்யாக்கியவர்களாவோம்.

ஆக, நலத்தின் வாயில் கவனம். அப்படியானால் நாம் எதனைக் கவனிக்கிறோம்? அமெரிக்கத் தாவரக் கல்வியாளர்களான ஜேம்ஸ் வாண்டர்சி, எலிசபெத் ஷஸ்லர் இருவரும் 1990களின் இறுதியில் ஒரு குறையைச் சுட்டினர். மனிதர் தம் சூழலில் உள்ள விலங்குகளைக் காண்கின்றனர். செடிகளையோ ஒரு பச்சைத் திரையாகவே காண்கின்றனர். கண்ணில் படுகிறது, கருத்தில் படுவதில்லை. இங்கே பெயருக்கு ஒரு பணி உண்டு என்பது நம் கருத்து. மொழியியல் சார்ந்த ஒரு சோதனை இதற்கு ஓரளவு துணைநிற்கும். ரஷ்ய மொழியில் இளநீலத்துக்கும் அடர்நீலத்துக்கும் தனித்தனி அடிப்படைச் சொற்கள் உள்ளன. 2007இல் ஜொனத்தன் வினாவர் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், இரு சொற்களின் எல்லைக்கு இருபுறமும் நிற்கும் நீலங்களை ரஷ்ய மொழியினர் விரைவாக வேறுபடுத்தினர். ஆங்கில மொழியினரிடம் அந்த நன்மை காணப்படவில்லை. நொடியில் மிகச் சிறு பகுதியே வேறுபாடு. பெயர் இல்லாததை மனிதன் காணமுடியாது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. பெயர் கண்ணைச் சற்று முன்னதாகவே எழுப்பிவிடுகிறது என்று மட்டும் கொள்ளலாம்.

நம் சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தை எடுத்துக்கொள்வோம். அது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த மரம். சங்கப்புலவர் எவரும் அதனைக் கண்டதில்லை. மாலையில் அதன் சிற்றிலைகள் மடங்கிக்கொள்வதைக் கண்ட தமிழன் அதற்கு ஒரு முகத்தைக் கொடுத்து, தூக்கத்தையும் அதில் ஏற்றிவிட்டான். அதே நிகழ்வைக் கண்ட மலாய்க்காரர் 'புக்குல் லீமா', அதாவது 'மணி ஐந்து', என்றனர். ஒருவர் முகத்தைக் கண்டார், மற்றவர் கடிகாரத்தைக் கண்டார். இருவரும் அந்த மரத்தின் அடியில் மாலைவேளையில் நின்றிருக்கிறார்கள் என்பதற்கு அப்பெயர்களே சான்று. புல்வெளியில் படரும் தொட்டாற்சுருங்கியும் அவ்வாறே. மலாயில் அது 'செமாலு'; நாணத்தைக் குறிக்கும் 'மாலு' அதனுள் இருக்கிறது.

இவை புதிய அறிமுகங்கள். பழைய உறவினரும் இங்கே உள்ளனர். நகரம் பசுமையாக்கப்பட்ட காலத்தில் சிங்கப்பூர்ச் சாலைகளில் பெருமளவில் நடப்பட்டது அங்சானா மரம். வறட்சிக்குப் பின் மழை பெய்தால் ஒரே நாளில் பூத்து உதிர்ந்து, நடைபாதை முழுதும் மஞ்சளாகிக் கிடக்கும். அதனைத் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளும் காட்சியைக் காணாதவர் இருக்க முடியாது. அங்சானாவும் குறிஞ்சி நிலத்து வேங்கையும் தாவரவியலில் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் மஞ்சட்பூ; பட்டையில் காயம்பட்டால் இரண்டும் செந்நிறப் பிசின் கசியும். பாறைமேல் உதிர்ந்த வேங்கைப்பூவைப் புலியென்று மயங்கும் காட்சியைத் தமிழாசிரியர் வகுப்பில் விளக்கும் அதே வேளையில், பள்ளி வாயிலுக்கு வெளியே அதன் உடன்பிறப்பு பூத்துக் கொட்டிக்கொண்டிருக்கும். நாம் பல்லாண்டு கற்பித்த காலத்தில் இதனை ஒருநாளும் மாணவர்க்குச் சுட்டிக் காட்டவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்லவேண்டும். மாணவர் கட்டுரைகளிலும் கதிரவன் வயல்வெளிமேல் எழுந்தான், குயில்கள் கூவின, அருவி கொட்டியது. தோ பாயோவிலும் ஜூரோங்கிலும் உள்ள ஒரு மரமேனும் அவற்றில் தலைகாட்டவில்லை.

நெய்தல் நிலத்துப் புன்னை இத்தீவின் கடற்கரைக்கே உரிய மரம். கடற்கரைப் பூங்காக்களில் இன்றும் அது நிற்கிறது. வெண்ணிறப் பூவின் மணத்தால் அதனை அறியலாம். நற்றிணையில் ஒரு பாட்டு இப்புன்னையைப் பற்றியது. சிறுமியர் விளையாட்டாய் மணலில் புதைத்துவைத்த விதை முளைத்து மரமாகிறது. பாலும் நெய்யும் ஊற்றி வளர்த்த அதனை அன்னை அவர்களுக்கு உடன்பிறந்தாள் என்கிறாள். அதனால் அதன் நிழலில் காதலனோடு சிரித்துப்பேச அவர்கள் நாணுகின்றனர். சுங்கை பூலோவின் சேற்றுநிலக் காட்டில் தில்லை மரம் உள்ளது. சிதம்பரத்துக்குப் பெயர் தந்த அதே தில்லைதான். அதன் பால் கண்ணில் பட்டால் தீங்கு. மலாய்ப் பெயரான 'பூத்தா பூத்தா' குருட்டைக் குறிப்பது அதனால்தான். தில்லையைத் தரிசிக்கக் கப்பலேறிச் சென்ற நம்மவர், அது இங்கேயே நிற்பதை அறிந்திருந்தனரா என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

இதெல்லாம் இலக்கிய இன்பம்தானே, உடல்நலம் எங்கே என்று கேட்கலாம். முதியோரிடம் அதற்கு விடை கிடைக்கும். 2016இல் ஹோர்ட்பார்க்கில் தொடங்கி, தேசியப் பூங்காக் கழகம் பல இடங்களில் சிகிச்சைத் தோட்டங்களை அமைத்து வருகிறது. மறதிநோய் உற்ற முதியோரையும் மனத்தில் கொண்டு அவை வடிவமைக்கப்பட்டன. சக்கரநாற்காலியில் அமர்ந்தபடியே தொடக்கூடிய உயரத்தில் செடிகள் இருக்கும்; மணமும் பழக்கமும் பழைய நினைவுகளைத் தூண்டும் என்பது எதிர்பார்ப்பு. ஒரு மூதாட்டியை அத்தகைய தோட்டத்துக்குப் பேரப்பிள்ளை அழைத்துச் செல்வதாகக் கொள்வோம். உதிர்ந்த சிறு பூவொன்றை எடுத்து அவர் 'மகிழம்பூ' என்கிறார். பெயர்ப்பலகையில் ஆங்கிலப் பெயரும் தாவரவியற் பெயரும் இருக்கின்றன. பேரனுக்கு அது வெறும் பூ. 'எந்த ஊரில் பாட்டி இந்தப் பூவைக் கோத்தீர்கள்?' என்னும் அடுத்த வினா பிறப்பதற்கு, அச்சொல் அவன் காதில் முன்னரே ஒருமுறையேனும் விழுந்திருக்கவேண்டும். பிறக்காத அந்த வினாவோடு அன்றைய சிகிச்சை பாதியில் நின்றுவிடுகிறது. தோட்டத்தை அரசு அமைத்துத் தரலாம். மகிழம்பூ என்னும் சொல்லை வீடுதான் தரவேண்டும்.

செல்வோர்க்கு நடைமுறைக் குறிப்புகள் மிகுதியாக வேண்டியதில்லை. நம் வெப்பத்தில் காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் நல்ல நேரம். இடி முழங்கினால் மரத்தடியை விட்டு விலகுக. புகைமூட்ட நாள்களில் வீட்டிலேயே இருத்தல் நலம். இதய நோயும் நீரிழிவும் உள்ளோர் மருந்தை நிறுத்திவிட்டு மரத்தை நம்புதல் கூடாது. தொலைவுக்குச் செல்ல இயலாதோர்க்கு அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தை ஒட்டி நிற்கும் ஒரே மரமும் போதும். அதனை நாள்தோறும் பார்க்கவேண்டும், அவ்வளவே.

பெயர் தெரியாத மரங்களை என்ன செய்வது என்னும் வினா எஞ்சுகிறது. 1859இல் தொடங்கி 2015இல் உலக மரபுடைமைத் தலமாக ஏற்கப்பட்ட தாவரவியல் பூங்காவுக்கு, நம்மவர் எவரையும் கேட்காமல் 'பூமலை' என்று பெயரிட்டுக்கொண்டனர். அப்பூங்காவில் நிற்கும் ஒரு தெம்புசு மரமே ஐந்து வெள்ளித் தாளின் பின்புறத்தில் உள்ளது. தெம்புசுவுக்குத் தமிழ்ப்பெயர் இல்லை. கலைச்சொல் ஆக்குவதில் ஆர்வமுள்ள நண்பர்கள் அதற்கு நறுமண மரம் என்பது போன்ற பெயர்களைப் படைக்க விரும்பக்கூடும். நாம் அதற்கு உடன்படவில்லை. ரம்புத்தானையும் டுரியானையும் தமிழர் அப்பெயர்களாலேயே உண்டு மகிழ்கின்றனர்; தெம்புசுவும் அவ்வாறே நம் வாயில் தங்கட்டும். மே, ஜூன் மாதங்களில் அது பூக்கும். அந்தி சாய்ந்தபின் மணம் மிகுதி. மாலை ஏழு மணியளவில் பூமலைக்குச் சென்றால், மரத்தைக் காண்பதற்கு முன்பே மூக்கு அதனைக் கண்டுகொள்ளும்.